பன்னிரண்டாவது கையெழுத்து

வெள்ளிக்கிழமை கடைசித் தேர்வு எழுதும்வரை அக்கா பள்ளிக்கூடத்துப் பெண். திங்கட்கிழமை அலுவலகத்துப் பெண். நடுவில் இருந்த இரண்டு நாளில் யாரும் அவளுக்கு எதுவும் சொல்லித் தரவில்லை.

அதனால் அதே புத்தகப் பையோடு போனாள். யார் உள்ளே வந்தாலும் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். தபால்காரருக்கும் சொன்னாள். பாவம், அவர் மிரண்டுபோய்த் தபாலை வைத்துவிட்டு ஓடினார்.

சனிக்கிழமை வாலுவும் கூட வந்தாள். ஒன்பது வயதுத் தங்கை. அவளுக்கு விடுமுறை, அம்மாவுக்கு வேலை. தனியாக விட்டால் வீடு தாங்காது.

அலுவலகத்தில் ஒரே புழுக்கம். எல்லோரும் ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஃபைல் என்றால் விசிறியா? வாலுவுக்கு முதல் குழப்பம் அங்கேயே வந்துவிட்டது.

அடுத்து ஒரு இருமல் வந்தது. அதன் பின்னால் கண்காணிப்பாளர் வந்தார். ஒரு தடித்த ஃபைலை அக்காவின் மேசையில் தொப்பென்று போட்டார்.

“ரொம்ப முக்கியமானதும்மா. ஆவன செய். பன்னிரண்டு மணிக்குள்ள முடியலன்னா, திங்கக்கிழமை நீ வர வேண்டாம்.”

“சரிங்க சார்!”

அவர் போனதும் அக்காவின் முகம் தொங்கிவிட்டது.

“ஆவனன்னா என்னக்கா?”

“தெரியலடி.”

“அவர்கிட்டயே கேளேன்.”

“அதான் சரின்னு சொல்லிட்டேனே!”

மேல் தாளில் ‘ஆவன செய்க’ என்று மட்டும் இருந்தது. அக்கா அதையே பத்து தடவை படித்தாள்.

“அடியில என்ன இருக்கு?” என்றாள் வாலு.

“அதெல்லாம் மத்தவங்க எழுதினது. அடுத்தவங்க தாளைப் பாக்கக் கூடாதுடி. காப்பியடிச்ச மாதிரி ஆயிடும்.”

“நானா பரீட்சை எழுதுறேன்? நான் பாக்குறேன்.”

வாலு புரட்டினாள். தாளுக்குத் தாள் ‘ஆவன செய்க’, கீழே ஒரு கையெழுத்து. மொத்தம் பதினோரு பேர். மேசை மேசையாக இறங்கிய ஃபைல், கடைசியாகச் சேர்ந்த அக்காவிடம் வந்து நின்றிருந்தது. அவளுக்குக் கீழே தள்ளிவிட ஆளே இல்லை, வாலுவைத் தவிர.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னத் தாள்: ‘அலமாரி ஜன்னலை மறைக்கிறது. ஒரு முழம் நகர்த்தினால் காற்று வரும்.’

வாலு அலமாரியைப் பார்த்தாள். விசிறுகிறவர்களைப் பார்த்தாள். தலை சுற்றியது.

“இதுக்கா இத்தனை கையெழுத்து?”

பக்கத்து மேசை டைப்பிஸ்ட் அம்மா எட்டிப் பார்த்தார். “நான் எழுதினது பாப்பா. போன வருஷம். தனியா நகர்த்த முடியல, ஒரு கை பிடிங்கன்னு கேட்டேன். எழுத்துல குடுங்கன்னுட்டாங்க.”

“இப்பதான் மூணு பேர் இருக்கோமே!”

மணி பதினொன்று ஐம்பது. அக்கா பழக்கதோஷத்தில் அனுமதி கேட்டுக் கையைத் தூக்கினாள். யாரும் திரும்பவில்லை. தூக்கிய கையை இறக்கி, இரண்டு கையாலும் அலமாரியைத் தள்ளினாள்.

மூன்று பேர் தள்ளியும் அது அசையவில்லை.

“சும்மாதானே விசிறிக்கிட்டு இருக்கீங்க, வாங்களேன் மாமா!” என்று வாலு போட்ட சத்தத்தில் இன்னும் நான்கு பேர் எழுந்து வந்தார்கள். கிரீச்சென்று அலமாரி நகர்ந்தது. டைப்பிஸ்ட் அம்மா ஜன்னலைத் திறந்தார்.

காற்று! அறை முழுக்கத் தாள்கள் பறந்தன.

“என்ன நடக்குது இங்க?” என்று கண்காணிப்பாளர் ஓடி வந்தார். ஒரு தாள் பறந்துபோய் அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தார். ‘ஆவன செய்க.’ கீழே அவருடைய கையெழுத்து.

திட்டத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் காற்று சில்லென்று பட்டது. “ஆஹா...” என்றுதான் வந்தது.

அக்கா பயந்துகொண்டே ஃபைலை நீட்டினாள். பன்னிரண்டாவது கையெழுத்துக்கு மேலே ‘செய்தாயிற்று’ என்று எழுதியிருந்தாள். அப்படியொரு சொல்லை அந்த ஃபைலில் அவர் பார்த்ததே இல்லை.

“அடுத்து இதை யாருக்கு அனுப்பணும்?” என்று விழித்தார்.

“யாருக்கும் வேண்டாம் சார். முடிஞ்சுபோச்சு.”

“முடிஞ்சுபோச்சா?” கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “சரி, திங்கக்கிழமை நேரத்தோட வந்துடும்மா. ஆனா, முடிஞ்ச ஃபைலை என்ன பண்றது?”

வாலு அதை வாங்கி, அவர் மேசையில் பறக்கத் துடித்துக்கொண்டிருந்த தாள்களின் மேல் பாரமாக வைத்தாள்.

ஒரு வருஷத்தில் அந்த ஃபைல் பார்த்த முதல் வேலை அதுதான்.