சுவருக்கும் கூரைக்கும் நடுவே

தொட்டில் சேலையின் மேல் ஒரு பிடி மண் கிடந்தது. ஈரமான சிவப்பு மண். நேற்றுதான் அம்மாக்கண்ணு அந்தச் சேலையைப் பீலித் தண்ணீரில் அலசி, அடுப்புக்கு மேலே காயவைத்துத் திரும்பக் கட்டியிருந்தாள்.

"ஏங்க, புள்ள மேல மண்ணு விழுந்திருக்கு பாருங்க."

மாயாண்டி தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தான். காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நேரமாகிவிட்டது. "செவுத்துல இருந்து உதிர்ந்திருக்கும். பச்ச ஒடம்புக்காரி, சும்மா படு."

"ஒம்போதாம் நம்பர்ல யாரோ நடக்குற மாதிரி இருந்துச்சுங்க."

"அதுதான் நாம அங்கேருந்து இங்க மாறி வந்ததுலேருந்து பூட்டிக் கெடக்கே. சாவி கங்காணியார்கிட்டல்ல இருக்கு?"

அவன் போனான். லயத்துச் சனமே கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டது. டயகமப் பக்கத்து மூடுபனி காலை பத்து மணிக்கே வாசலில் வந்து நின்றது.

லயத்தில் வரிசையாக இருந்த பத்துக் காம்பரா வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர்கள் அந்தக் கூரையைத் தொடுவதில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. கட்டின வெள்ளைக்காரனுக்குச் செங்கல் மிச்சம், இருக்கிறவர்களுக்கு மானம் போச்சு. ஒரு வீட்டுப் புகையும் இருமலும் புருசன் பெண்டாட்டி சண்டையும் அடுத்த வீட்டுக்கும் சொந்தம். பத்தாம் நம்பருக்கு மட்டும், அது கோடியில் இருந்ததால், ஒரு ஜன்னல் உண்டு.

ஆறு வருசம் அம்மாக்கண்ணு ஒன்பதாம் நம்பரில் கிடந்தாள். ஜன்னலில்லாத அந்த இருட்டில், அடுப்புப் புகையில் இருமி இருமியே அவளுடைய இரண்டு பிள்ளைகள் போய்ச் சேர்ந்தன. அப்போது பத்தாம் நம்பரில் ராக்காயி இருந்தாள். சுவருக்கு மேலே அவளுடைய சிரிப்பு வரும். "வெளிச்சம் மூஞ்சில பட்டா என்னமா சிரிக்கிறான் பாருங்க!" அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மாக்கண்ணுவுக்கு வயிறு பற்றி எரியும். அது எனக்கு வரவேண்டிய ஜன்னல். அந்த வெளிச்சம் என் பிள்ளைக்கு உரியது.

போன வருசம் ஒரு நாள், லயத்தில் யாருமில்லாத நேரம் பார்த்து, தன் காம்பராவின் விறகுக் குவியல் மேல் ஏறி ஒரு பிடி மண்ணை அந்தப் பக்கம் வாரித் தூற்றினாள். ராக்காயியைச் சபிக்கவில்லை, அது பாவம். கெட்டிக்காரி, காம்பராவைச் சபித்தாள். "இந்தக் காம்பராவுல தொட்டில் ஆடக்கூடாது."

ஒரு மாதம் போகவில்லை, ராக்காயியின் பிள்ளை இறந்தது. இறம்பொடையிலிருந்த தாய்வீட்டுக்கு அவளைக் கூட்டிப் போனார்கள். அம்மாக்கண்ணு நிஜமாகவே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுநாளே கங்காணியிடம் போய்ப் பத்தாம் நம்பரைக் கேட்டாள்.

இப்போது ஜன்னல் அவளுடையது. அதன் கீழே தொட்டில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது, உள்ளே இருபத்தொன்பது நாள் பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தான், ஜன்னல் வழியாக மூடுபனி நுழைந்து பால் வாசத்தோடும் சாம்பிராணி வாசத்தோடும் கலந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் நம்பரில் விறகு சரிந்தது.

"யாரு?"

யாரோ குவியல் மேல் ஏறும் சத்தம். ஒரு கட்டை. அடுத்த கட்டை.

"ராக்காயி... நீயாடி? வெளிய வா. ஒன் கால்ல விழுறேன்."

மூச்சு மட்டும். புகையில் கிடந்து கிடந்து இளைத்த மூச்சு. அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். ஆறு வருசப் பழக்கம்.

சுவர் விளிம்பில் ஒரு கை வந்தது.

பச்சைக் கண்ணாடி வளையல். சுட்டுவிரலில் பாதி நகம் இல்லை.

அம்மாக்கண்ணு தொட்டில் கயிற்றைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். பச்சை வளையல். பாதி நகம்.

"வேணாம்," என்றாள். "இது நம்ம புள்ளடி."

கை விரிந்தது.

அவள் தொட்டில் மேல் பாய்ந்து கவிழ்ந்தாள். முதுகில் மண் விழுந்தது. கழுத்தில் விழுந்தது. விலா இடுக்கு வழியே தொட்டிலுக்குள் சரிந்தது. ஈரம். குளிர்.

அவளுக்கு அடியில் தொட்டில் நின்றுவிட்டது.

நிமிர்ந்தாள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே அவளுடைய முகமே இருந்தது. கரி படிந்து, கண் சிவந்து. அது அவளைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்க்கவில்லை.

ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.