இடது பின் மூலை

மூன்று சக்கரங்களுக்கு மேலே இரண்டு விரல் நுழைந்தன. இடது பின்சக்கரத்துக்கு மேலே ஒரு விரல்கூட நுழையவில்லை.

ஞானமணி கையைத் துணியில் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தான். டயர் ரப்பர் நகத்தில் உரசியது. மத்தியானம் நான்கு ஸ்பிரிங்கையும் மாட்டிக் காரைத் தரையில் இறக்கியபோது இதே விரல்களால்தான் சுற்றிச் சுற்றி அளந்தான். நான்கு மூலையும் ஒரே மட்டமாக இருந்தன. இப்போது அந்த ஒரு மூலை மட்டும் அழுந்திக் கிடந்தது.

முதலில் அவன் சந்தேகப்பட்டது ஸ்பிரிங்கை. யாரையாவது எதையாவது சந்தேகப்படாமல் ஞானமணிக்குச் சோறு இறங்காது. மீன் வாங்கினால் தராசைச் சந்தேகப்படுவான், மகள் பிளெஸ்ஸி தலை வலிக்கிறது என்றால் அவள் வீட்டுப்பாடத்தைச் சந்தேகப்படுவான். இந்த மின்சாரக் கார் பொன்னமராவதி ரகுநாத்துடையது. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவன், வண்டி தரையோடு தரையாகப் போனால்தான் அழகு என்று குட்டை ஸ்பிரிங்கை எங்கோ ஆன்லைனில் வாங்கி வந்திருந்தான். அதன் ஷாக் அப்சார்பர் சாதாரணமானதும் இல்லை. ரோட்டையும் பாரத்தையும் பார்த்துத் தானே இறுகும், தானே தளரும். அதைத் தொடாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் சென்சார்களுக்குப் புது உயரத்தைத் திரையில் சொல்லிக் கொடுக்க வேண்டும். புதுக்கோட்டையில் மற்ற எல்லாரும் கை வைக்கமாட்டேன் என்ற வேலை.

அவனுக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. சாயங்காலம் பள்ளி வேன் பிளெஸ்ஸியை ஒர்க்‌ஷாப் வாசலில் இறக்கிவிடும். மனைவி ஷர்லிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. "சத்தம் போடாத கார்லதான் இன்னைக்கு வீட்டுக்குப் போறோம்" என்று காலையிலேயே மகளிடம் சொல்லிவிட்டான். ஓட்டிப் பார்த்ததாகவும் இருக்கட்டும் என்று ரகுநாத்தும் சம்மதித்திருந்தான்.

அவனுக்கே போன் போட்டான்.

"தம்பி, இடது பின்னாடி ஸ்பிரிங் சரியில்ல போலயே. பெட்டி சீல் ஒடைக்காமத்தான் வந்துச்சா?"

"நீங்கதானண்ணே ஒடச்சீங்க." ரகுநாத்தின் குரல் மாறியது. "ஏண்ணே, வேற எதையும் கழட்டி மாத்திட்டீங்களா?"

"நான் எதுக்கு மாத்தப் போறேன்? மத்தியானம் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்பப் பாத்துச் செய்ங்க. காலைல வாரேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பாமலே போனை வைத்தார்கள்.

வெளியே ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில், எதிரே இருந்த டீக்கடையின் பெஞ்சு கவிழ்த்துப் போடப்பட்டு நனைவது தெரிந்தது. கடைக்காரர் பெரியகருப்பன் நேற்று இறந்துபோனார். காலையில் ஞானமணி போய் மாலை போட்டுவிட்டு வந்தான். மத்தியானம் பாடை இந்த வழியாகத்தான் போனது. பிணம் போகையில் எல்லாக் கடைக்காரர்களும் செய்வதுபோல அவனும் ஷட்டரைப் பாதி இறக்கினான். பிறகு ஏற்ற மறந்திருந்தான். காலையில் கார் உள்ளே வரும்போது பார்த்தானே, ஷட்டர் அந்த உயரத்தில் நின்றால் காரின் கூரை இடிக்கும்.

ஜாக்கி வைத்து இடது மூலையைத் தூக்கினான். கைப்பிடி கனத்தது. ஸ்பிரிங் அதன் கிண்ணத்தில் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. அப்படியும் மனசு கேட்கவில்லை. இங்கிட்டு இருந்ததை அங்கிட்டும் அங்கிட்டு இருந்ததை இங்கிட்டும் மாற்றிப் போட்டு, மூச்சு வாங்க இறக்கினான்.

மறுபடியும் இடதுதான் அழுந்தியது.

அப்படியானால் ஸ்பிரிங் இல்லை. ரகுநாத்தும் இல்லை. இருட்டில் டயர் ரப்பர் வாசனைக்கும் கிரீஸ் வாசனைக்கும் நடுவே வேறொன்று வந்தது. கசங்கிய ரோஜா, பன்னீர், அவற்றுக்கும் கீழே பலமுறை கொதித்துக் கறுத்த டீத்தூளின் புளிச்ச வாடை. ரோட்டில் இறைத்த பூ மழையில் ஊறி நாறுகிறது என்று சொல்லிக்கொண்டான். டீக்கடையிலோ இன்று அடுப்பே மூட்டவில்லை.

காருக்குள் திரை தானாக எரிந்தது.

ஓட்டுநர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். திரையில் ஐந்து இருக்கைகளின் படம். நான்கு மங்கலாக இருந்தன. இடது பின் இருக்கை மட்டும் சிவப்பாக மின்னியது. உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை. எலி வயரைக் கடித்திருக்கும், தண்ணீர் இறங்கியிருக்கும். செல்போன் வெளிச்சத்தைப் பின்பக்கம் திருப்பினான். சீட்டின் தோல் அகலமாகக் குழிந்து, ஓரங்களில் சுருக்கம் விழுந்திருந்தது. அந்தக் குழி எழும்பவில்லை.

அப்போதுதான் அவனுக்கு மத்தியானம் நினைவு வந்தது.

அடிப்பக்கத்து போல்ட்டுகளை வண்டி தொங்கும்போது முறுக்கக் கூடாது. ஆள் பாரம் ஏறி வண்டி அழுந்தி நிற்கையில்தான் முறுக்க வேண்டும். மற்ற ஒர்க்‌ஷாப்புகளில் அரிசி மூட்டையை ஏற்றுவார்கள். ஞானமணி எதிர்க்கடைப் பெரியகருப்பனைக் கூப்பிடுவான். மூட்டையை விடக் கனமான மனுசர். ரப்பர் செருப்பை இழுத்துக்கொண்டு வந்து எப்போதும் இடது பின்பக்கம்தான் உட்காருவார். பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்த வயித்துக்கு இது எட்டாது மாப்ள" என்று விட்டுவிடுவார். ஞானமணி கீழே பள்ளத்தில் நின்று முறுக்கி முடித்ததும், "போதும் மாமா, எறங்குங்க" என்பான். அதற்குப் பிறகுதான் இறங்குவார். பிளெஸ்ஸி வந்துவிட்டால் கையில் ஒரு பன்னைக் கொடுத்து, "இவள நான் கூட்டிட்டுப் போயிருவேன் பாத்துக்க" என்று வம்பிழுப்பார்.

"எங்க தாத்தா?" என்பாள் அவள்.

"நான் போற எடத்துக்கு."

தினமும் இதே கேள்வி, இதே பதில். தினமும் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

இன்று பாடை போய், பறைச் சத்தம் தேய்ந்து அடங்கிய பிறகு, காருக்கு அடியில் பள்ளத்தில் ஸ்பேனரோடு நின்றிருந்தான். ஷட்டர் பக்கம் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கவில்லை. பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மாமா, ஏறி உக்காருங்க."

கார் அழுந்தியது. அவன் முறுக்கினான். முடிப்பதற்குள் ஷர்லியிடமிருந்து போன் வந்ததால் பேசிக்கொண்டே மேலே ஏறிவிட்டான். இறங்கச் சொல்லவே இல்லை.

பயமாக இருந்தது, சின்னப் பிள்ளை மாதிரி அழுகை வந்தது. ஆனாலும் சொல்லிப் பார்த்தான்.

"போதும் மாமா. எறங்குங்க."

சுற்றி வந்து அந்தச் சக்கரத்துக்கு மேலே விரலை வைத்தான். பிறகு அந்த மூலை மெதுவாக எழுந்தது. ஒரு விரல். இரண்டு விரல். ஞானமணி மூச்சை விடப்போனான். உட்கார்ந்திருக்கும் ஆள் இடுப்பைத் தூக்கிச் சௌகரியமாக நகர்ந்து உட்காருவதுபோல, கார் மறுபடி கீழே போனது. முன்னைவிடக் கீழே.

வாசலில் ஹார்ன் அடித்தது. வேன்.

கதவைச் சாத்தினான். பூட்டினான். துருத்திக்கொண்டு நின்ற கதவுக் கைப்பிடிகள் நான்கும் வண்டியின் உடம்புக்குள் போய்ச் சமமாயின. சாவி அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்தான். பிளெஸ்ஸி ஷட்டருக்கு அடியில் குனிந்து, நனைந்த ரிப்பனோடு உள்ளே வந்தாள்.

"அப்பா, கார் ரெடியா?"

"இல்ல. பைக்ல போறோம்."

"காலைல சொன்னீங்கள்ல?"

"சொன்னேன். இப்ப இல்லங்கிறேன். வாசல்லயே நில்லு. இங்கிட்டு வராத. மழைக்கோட்டை எடுத்துட்டு வாரேன்."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பரவாயில்லை. நாளை சமாதானம் செய்துகொள்ளலாம். மழைக்கோட்டு பின்சுவர் ஆணியில் தொங்கியது. எட்டி எடுத்தான்.

பின்னால் ஒரு சத்தம். மெத்தென்று. கதவு சாத்தும் சத்தம்.

திரும்பினான். வாசலில் யாரும் இல்லை. பள்ளிப் பை மட்டும் தரையில் கிடந்தது.

ஓடினான். கைப்பிடிகள் நான்கும் உள்ளேயே இருந்தன. சாவி அட்டையை வைத்துத் தேய்த்தான். அசையவில்லை. நகத்தால் நெம்பினான். நகம் பிய்ந்தது.

கண்ணாடிக்குள் பிளெஸ்ஸி. இடது பின்பக்கம். சீட்டில் இல்லை. சீட்டுக்கு ஒரு சாண் மேலே. ரிப்பன் கூரையில் உரசியது. கால்கள் தொங்கின. அவளுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. தலையைச் சாய்த்துப் பின்னால் பார்த்தாள். சிரித்தாள்.

"எங்க தாத்தா?"

பெல்ட் தானாக இறங்கி வந்தது. முழு நீளத்துக்கும் இழுபட்டது. அவளைத் தொடாமல், அவளுக்கு முன்னால், பெரிய வயிறு ஒன்றைச் சுற்றுகிற அகலத்துக்குக் காற்றில் வளைந்து நின்றது. எட்டியது. மாட்டிக்கொண்டது.

திரையில் சிவப்பு அணைந்தது.

சக்கரங்கள் உருண்டன. ஞானமணி கூரையைக் கட்டிப் பிடித்தான். கத்தினான். ஷட்டர் இடிக்கும், கட்டாயம் இடிக்கும். காலையில் பார்த்தானே.

கார் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. பாதி இறங்கிய ஷட்டர் அவனை மட்டும் மார்பில் அடித்துக் கீழே தள்ளியது. அவன் குட்டையாக்கிய கார் அதற்கு அடியில் எங்கும் உரசாமல் வெளியேறி, பாடை போன திசையில் திரும்பி, மழைக்குள் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.