வெறும் சேணம்

காலையில் முதலில் குதிரைகளுக்குத் தண்ணீர், பிறகுதான் மனிதர்களுக்குக் காபி. அவன் எழுந்தான். தூங்கும் பையைச் சுருட்டிக் கட்டினான். ஓடையில் முகம் கழுவினான். பல் தேய்த்தான். பையின் ஓரத்தில் இன்னொரு பிரஷ் கிடந்தது. அதை அவன் எடுத்து வைக்கவில்லை, முன்பிருந்தே கிடந்தது. கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கி மண்ணைத் தட்டினான். காபி குடித்தான். சூடாக இருந்தது.

அதன் பிறகு குதிரைக்கு முதுகு தேய்க்க வேண்டும். சேணத்தின் அடியில் ஒரு முள், ஒரு குச்சி, காய்ந்த வேர்வையின் உப்பு, எது இருந்தாலும் நாள் முழுக்க உரசிப் புண்ணாக்கிவிடும். அவரவர் குதிரையை அவரவரே தேய்க்க வேண்டும் என்பது வழிகாட்டியின் சட்டம். அவனுக்கு இரண்டு குதிரைகள்.

அவன் ஏறுவது பழுப்புக் குதிரை. சோம்பேறி என்று பெயர். நேற்றைய ஏற்றத்தின் வேர்வை அதன் முதுகில் சேணத்தின் வடிவத்திலேயே வெள்ளையாகக் காய்ந்திருந்தது. தேய்த்தான். தூளாக உதிர்ந்தது. பிறகு பஞ்சுவிடம் போனான். சாம்பல் நிறப் பெண் குதிரை. நேற்று முழுவதும் யாரும் ஏறாத சேணத்துடன் அவனுக்குப் பின்னால் வந்தது.

அதன் முதுகிலும் உப்பு இருந்தது. சோம்பேறியின் முதுகில் இருந்ததைவிடத் தடிமனாக.

"அக்கா, வெறும் சேணம் போட்டாலும் இப்படி வேர்க்குமா?"

வழிகாட்டி வந்து பஞ்சுவின் முதுகைத் தடவிப் பார்த்தாள். நாற்பதைத் தாண்டியவள். குதிரையிடம் ஒரு வசவு, மனிதரிடம் ஒரு கிண்டல் என்று வாய் ஓயாமல் பேசுகிறவள். இப்போது கை நின்றது, வாயும் ஒரு கணம் நின்றது.

"வேர்க்காதே," என்றாள். பிறகு பஞ்சுவின் காதைத் திருகினாள். "ஏண்டி, ராத்திரி எவனோட ஓடிட்டு வந்தே?" அவனைப் பார்த்துச் சிரித்தாள். "வயசாகுது இல்ல தம்பி. எனக்கும் இப்பல்லாம் சும்மா நின்னாலே வேர்க்குது."

இருவர் பெயரில் பதிவு செய்த பயணம் அது. அவன் மனைவிதான் தொலைபேசியில் பேசினாள். மலைமுகட்டிலிருந்து தெரியும் ஏரியின் படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். எப்படிப்பட்ட குதிரை வேண்டும் என்று பார்ப்பதற்காக உயரமும் எடையும் கேட்டார்கள். எடையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு காய்ச்சல், பரிசோதனைகள், ஆஸ்பத்திரி. எடை தானாகவே அவள் சொன்ன அளவுக்கு வந்தது, அதற்கும் கீழே போனது. எல்லாம் முடிந்த பின் பயணத்தை அவன் ரத்து செய்யவில்லை. ரத்து செய்தால் போனில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் நாள் மலையடிவாரத்தில் வழிகாட்டி இரண்டு குதிரைகளுக்குச் சேணம் பூட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவங்க எங்க தம்பி?"

"வரல."

"சண்டையா?" என்று கண்ணைச் சிமிட்டினாள். "விடுங்க. திரும்பிப் போனதும் ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பாங்க, அப்புறம் சரியாயிடும்."

அவன் தலையாட்டினான்.

அவள் ஒரு தானிய மூட்டையைத் தூக்கிப் பஞ்சுவின் சேணத்தில் வைக்கப் போனாள். ஏறுகிறவர் வராவிட்டால் அந்த இடத்தில் ஒரு மூட்டையாவது கட்டி ஏற்றுவது அவர்கள் வழக்கம். வெறும் சேணத்தோடு ஒரு குதிரையை மலைக்குள் நடத்திப் போக மாட்டார்கள். ஏன் என்று கேட்டான். "ஏன்னா? இடத்தைக் காலியா விட்டா நல்லா இருக்காது, அவ்வளவுதான்," என்றாள்.

"மூட்டை வேணாம் அக்கா. அது அவளோட இடம். சும்மா வரட்டும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டாள். கால் வைக்கும் அங்கவடிகள் ஆடிக் குதிரையின் விலாவில் அடிக்காமல் இருக்க, இரண்டையும் மேலே தூக்கிச் சேணத்தோடு சேர்த்துக் கட்டினாள். அன்று மாலை கூடாரம் போட இறங்கியபோது அவை அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. முடிச்சு சரியில்லை என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் பாதை காட்டுக்குள் ஏறியது. முன்னால் வழிகாட்டி, அவளுக்குப் பின்னால் லாரி என்று பெயர் வைத்த சுமைக் குதிரை, பிறகு அவன், அவன் சேணத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் பஞ்சு. மரங்கள் மிக உயரமாக, மிக நெருக்கமாக நின்றதால் வெளிச்சம் தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் போலப் பச்சையாகக் கலங்கிக் கிடந்தது. ஈர இலையும் குதிரை வேர்வையும் பழைய தோலும் கலந்த வாசனை கனத்துக் கீழே தங்கியிருந்தது. லாடங்கள் மட்கிய சருகில் விழும் மெத்தென்ற சத்தத்துக்கு நடுவே, அவனுக்குப் பின்னால், புதுச் செருப்பு முனகுவதைப் போலத் தோல் ஒரே சீராக முனகிக்கொண்டு வந்தது. தன் சேணத்தின் முனகல் அவனுக்கு இதற்குள் பழகியிருந்தது. ஆள் உட்கார்ந்த சேணம் மட்டும்தான் அப்படி முனகும்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏற்றத்தில் முன்னால் சாய வேண்டும், இறக்கத்தில் பின்னால் சாய வேண்டும், அப்போதுதான் குதிரைக்குச் சிரமம் இருக்காது என்று வழிகாட்டி முதல் நாளே சொல்லித் தந்திருந்தாள். பாதை ஏறும்போது பின்னால் அந்த முனகல் முன்னுக்கு நகர்ந்தது. இறங்கும்போது பின்னுக்கு நகர்ந்தது. யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சரியாகக் கேட்டு நடந்துகொண்டார்கள்.

அவனுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில், பல மாதங்களாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று வயிற்றுக்குள் தளர்ந்தது. அவன் கடிவாளத்தைத் தளர்த்திச் சோம்பேறியை மெல்ல நடக்க விட்டான், கயிறு தொய்ந்து பஞ்சு நெருங்கி வரும்படி.

"களைப்பா இருக்கா?" என்று கேட்டான். முன்னால் போகிறவளுக்குக் கேட்காத குரலில்.

முனகல் நின்றது. குதிரை நடந்துகொண்டுதான் இருந்தது. முனகல் மட்டும், காது கொடுப்பவர் அசையாமல் இருப்பதைப் போல, நின்றது.

மதியம் மரங்கள் முடிந்து பாறைகள் தொடங்கும் இடத்தில் ஓர் ஓடை. அங்கே இறங்கினார்கள். பஞ்சு தண்ணீரைத் தொடவில்லை. நான்கு கால்களையும் அகட்டி வைத்துத் தலையைத் தரைக்குத் தொங்கவிட்டு நின்றது. முழங்கால்கள் நடுங்கின. வழிகாட்டி வயிற்று வாரைத் தளர்த்திச் சேணத்தைத் தூக்கினாள். அடியில் இருந்த கம்பளத்தைப் பிழிந்தால் சொட்டும் போல இருந்தது. அதன் கீழே முதுகெலும்பின் இரு பக்கமும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

அவள் புண்ணின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். கிண்டல் எதுவும் வரவில்லை.

"லாரி மேல கட்டினதைவிடப் பெரிய சுமையை இவ தூக்கிட்டு வந்திருக்கா," என்றாள். "தம்பி, என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. அவங்க எங்க?"

"செத்துட்டா."

அந்தச் சொல்லை அவன் அதுவரை வாயால் சொன்னதில்லை. மற்றவர்கள் தவறிட்டாங்க, போயிட்டாங்க என்றார்கள். அவனும் அதையே சொல்லி வந்தான்.

வழிகாட்டி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடக் கடவுளே. முதல்லயே சொல்றதுக்கு என்ன தம்பி? நான் வேற சண்டையான்னு கேட்டு…" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இப்படித் துக்கத்தோட வர்றவரை வெச்சுக்கிட்டு வெறும் சேணம் போட்டு வந்திருக்கவே மாட்டேனே."

"ஏரி தெரியற இடம் வரைக்கும் அக்கா. அதுவரைக்கும் மட்டும். அவ பாக்கணும்னு ஆசைப்பட்டா."

"வர்றது அவங்கதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வேறு யாராகவும் இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"முகட்டுல பாதை ஒரு சேணத்து அகலம்தான். ஒண்ணு சறுக்கினா கயித்தோட இன்னொண்ணையும் இழுத்துட்டுப் போயிடும். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி, இந்தச் சேணம் இங்கயே இருக்கட்டும்." அவள் சேணத்தைக் கொண்டுபோய் ஓடையோரப் பாறை ஒன்றின் மேல் வைத்தாள். அங்கவடிகள் பாறையின் இரு பக்கமும் தொங்கின. "திரும்பி வரும்போது எடுத்துக்கலாம். இல்லேன்னா கிடக்கட்டும்."

பஞ்சு புல்லில் விழுந்து புரண்டது. எழுந்து உடம்பைச் சிலுப்பிக்கொண்டது. தண்ணீர் குடித்தது. கட்டாமலே, குட்டியைப் போல, முன்னால் ஓடி, வழிகாட்டி ஏறும் வாத்தியார் என்கிற குதிரையோடு சேர்ந்துகொண்டது. "பாருங்க, பாருங்க, கழுதை," என்று வழிகாட்டி சிரித்தாள்.

அவன் ஏறி உட்கார்ந்தான். கிளம்பினார்கள். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்பிய அன்று வீடு இருந்ததைப் போல இருந்தது.

தாங்க முடியவில்லை. திருப்பத்தில் ஒரே ஒரு முறை அவன் திரும்பிப் பார்த்தான். பாறை மேல் சேணம். அதன் முன்பக்கம் இவர்கள் போகும் திசையைப் பார்த்து இருந்தது.

"வா," என்றான்.

முகட்டை நெருங்கும்போது மூடுபனி இறங்கியது. முதலில் பள்ளத்தாக்கு மறைந்தது, பிறகு எதிர்ச் சரிவு, பிறகு லாரியின் மேல் கட்டிய மூட்டைகளின் நீலத் துணி. ஈரக் கல்லின் வாசனை. இடது பக்கம் பாறை, வலது பக்கம் வெண்மை. அந்த வெண்மைக்குள் லாடத்தில் பட்டு உருண்ட கூழாங்கற்கள் விழுந்தன. விழுந்த சத்தம் திரும்பி வரவில்லை. ஏரி கீழே எங்கோ இருக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை.

சோம்பேறி நின்றது. காதுகளைப் பின்னால் மடித்தது.

அதன் பின்பாகம் மெல்லத் தாழ்ந்தது. ஒருவர் பின்னால் ஏறி உட்கார்ந்தால் தாழ்வதைப் போல. சேணம் முனகியது. அவன் முதுகில் ஏதோ வந்து படிந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே, ஒரு நெற்றியின் அகலத்துக்கு, ஈரக் குளிர்.

"தம்பி!" முன்னாலிருந்து வழிகாட்டியின் குரல். "ஏன் நிக்கிறீங்க? வாங்க, வாங்க!"



இடுப்பைச் சுற்றி அழுத்தம். இரு பக்கமும் ஒரே நேரத்தில். பின்னாலிருந்து முன்னால் வந்து வயிற்றின் மேல் கோத்துக்கொண்டது. அவன் அழுதான். அழுதுகொண்டே குனிந்து பார்த்தான். கைகள் இல்லை. அவனுடைய ஜாக்கெட்தான். அதில் இரண்டு கைகளின் அழுத்தம், துணி உள்ளே அமுங்கிச் சுருக்கம் விழுந்து. வயிற்றின் மேல் விரல்கள் பதிந்த பள்ளங்கள். வரிசையாக. அவை பத்தோடு நிற்கவில்லை.

கனம் கூடியது.

கடைசி வாரங்களில் அவளை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மறு கையால் குளியலறைக் கதவைத் திறந்திருக்கிறான். அவ்வளவுதான் இருந்தாள். ஒரு போர்வையின் கனம்.

சோம்பேறியின் பின்னங்கால் சறுக்கியது. கல் உருண்டது. சத்தமில்லை.

"குதிச்சிடுங்க தம்பி! பாறைப் பக்கமா! அதை விட்டுட்டுக் குதிங்க!"

இடது காலை அங்கவடியிலிருந்து எடுத்தான். பாறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குதிக்கலாம்.

அப்போது அது பேசியது. காதுக்கு மிக அருகே. அவள் குரல். அச்சு அசல் அவள் குரல்.

"உன்னைக் கட்டிக்கிட்டதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. சந்தோஷமா போறேன்."

அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வார்த்தைகள் அவனுடையவை. ஆஸ்பத்திரி வராந்தாவில், அவள் அம்மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியா என் பொண்ணு என்ன சொன்னா, என்ன சொன்னா என்று கேட்டபோது, நின்ற இடத்திலேயே அவன் உண்டாக்கியவை. அத்தைக்கு அது போதுமாக இருந்தது. அதன் பிறகு எல்லோருக்கும் அதையே சொன்னான். ராத்திரிகளில் தனக்கும் சொல்லிக்கொண்டான். அவள் ஒருபோதும் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

இது அவள் இல்லை. காலியாக இருந்த இடத்தில் ஏறிக்கொண்டது. அவன் கூப்பிட்டதால் வந்தது. அவனுக்குள் இருந்ததை எடுத்து அவனிடமே சொல்கிறது.

"சந்தோஷமா போறேன்," என்றது மறுபடி. இறுக்கியது. விலா எலும்பு ஒன்று உள்ளே வளைந்தது.

வழிகாட்டி கத்திக்கொண்டே இருந்தாள். பனிக்குள் அவள் குரல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அவன் பாறையைப் பார்த்தான். இடது காலை மறுபடி அங்கவடிக்குள் வைத்தான். கடிவாளத்தை விட்டுவிட்டு, வயிற்றின் மேல் இருந்த அந்தப் பள்ளங்களின் மீது தன் இரு கைகளையும் வைத்து மூடிக்கொண்டான். அடியில் அவை அசைந்தன. இன்னும் சில விரல்கள் மெல்ல வந்து அவன் விரல்களுக்கு இடையே நுழைந்துகொண்டன. சோம்பேறி முன்னங்காலை மடக்கி வெண்மையின் பக்கமாகச் சாய்ந்தது.

அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது வேறு. கட்டிலின் ஓரத்தில் அவளை ஒட்டி உட்கார்ந்து அவன் கையைப் பிடித்திருந்தான். அவள் கண்ணைத் திறக்கவில்லை. முகம் சுளித்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரேன். காத்தே வரல."