எட்டாவது நிமிடம்

செவ்வாய்க்கிழமை, 23 ஆகஸ்ட் 2011. காலை 10.40.

விழுப்புரத்தில் அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாகச் செத்துக் கிடந்தது. திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த அன்புச்செல்வி, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, மற்றபடி தனிக்கட்டை.

மறுபடியும் ஹீட் சிங்க்தான். ப்ராசஸரின் சூட்டை இழுத்துக்கொள்ள வேண்டிய அந்த அலுமினியக் கட்டி, ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

"எப்ப நின்னுச்சுங்கம்மா?"

"ஞாயித்துக்கெழம. நாலு மணிக்கு மஸ்கட்லேர்ந்து புள்ள வீடியோவுல வந்தான். பேசிக்கினே இருக்கேன், பொசுக்குனு நின்னுபோச்சு" என்றாள் அந்த வீட்டம்மா கெங்கம்மாள்.

"எத்தினி நிமிசம் ஓடுச்சு?"

"எட்டு இருக்கும். அதுக்கு முந்தின வாரமும் எட்டுதான்."

"சனிக்கிழம?"

"ரெண்டு மணி நேரம் பேரப்புள்ள போட்டோ பாத்துக்கினு இருந்தேன். ஒண்ணும் ஆவல."

"ஞாயித்துக்கெழம யாரு வந்தாங்க?"

"யாரு வரப்போறா? பெருக்குற பொன்னிகூட அன்னிக்கி வர்றதில்ல. நானும் காலைல திருவாமாத்தூர் கோயிலுக்குப் போயிடுவேன்."

கணவர் விருத்தாசலம் பேப்பரை மடக்கினார். ரயில்வேயில் சிக்னல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஃபேன் சுத்துற அதிர்வுல கழண்டுக்கும்மா" என்று மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். கண்ணாடிக் காம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை இருந்தது.

11.05. கெங்கம்மாள் காபி போட உள்ளே போனாள். அன்புச்செல்வி குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, இதப் புடிச்சிக்கினு இருக்கிற நாலு பின் மேலயும் போன தடவ நெயில் பாலிஷ்ல கோடு போட்டுட்டுப் போனேன். இப்ப ரெண்டுல கோடு கால் வட்டம் திரும்பியிருக்கு. அதிர்வுல பின் தளரலாம். ரெண்டும் ஒரே மாதிரி திரும்பாது. ஸ்க்ரூடிரைவர் வெச்சாத்தான் ஆவும்."

அவர் மடக்கிய பேப்பரை மறுபடி விரித்தார்.

"நாலையும் கழட்டினா ஒரு நிமிசத்துல நின்னுடும். ஒரு பக்கத்து ரெண்ட மட்டும் கழட்டினா எட்டு நிமிசம் தாங்கும். தெரிஞ்சவங்க பண்ண வேல. ஞாயித்துக்கெழம காலைல வீட்டுல நீங்க மட்டும்தான். அந்தக் கண்ணாடியில ஒட்டிக்கினு இருக்கிறது ஹீட் சிங்க் அடியில தடவுற பேஸ்ட். லேசுல போவாதுங்க."

விருத்தாசலம் கண்ணாடியைக் கழற்றிக் கறையைப் பார்த்தார்.

"பத்து நிமிசம் ஆனா புள்ள வாட்சப் பாப்பான்மா. 'சரி, வெக்கிறேன்'னுவான். அன்னிக்கிப் பூரா இவ தாங்க மாட்டா. மிஷினு நின்னா மிஷினத் திட்டிட்டுப் போயிடுறா. புள்ளையத் திட்ட வேணாம் பாரு."

குற்றவாளி சிக்கிவிட்டான். அன்புச்செல்வி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். 'வெக்கிறேன்' என்று அவளிடம் சொல்லக்கூட யாரும் இல்லை.

"இப்படியே சூடேறினா ப்ராசஸர் போயிடுங்க. அப்புறம் எட்டு நிமிசமும் இருக்காது."

பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினாள். நான்கு பின்களையும் 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்தினாள். அவர் தடுக்கவில்லை.

காபி வந்தது. "என்னாதாம்மா கோளாறு?"

"பின்னு தளந்துபோச்சுங்கம்மா. இனிமே கழலாது."

ஞாயிறு, மாலை 4.25. திண்டிவனத்தில் அடைத்த கடைக்குள் அன்புச்செல்வி தனியாக உட்கார்ந்திருந்தாள். செல்போன் அடித்தது. கெங்கம்மாள்.

"இன்னிக்கி மிஷினு நிக்கலம்மா. பத்து நிமிசத்துல அவன்தான் வெச்சிட்டான். வேல இருக்காம். இருக்கட்டும், அவன் அப்படித்தான்னு இத்தினி நாளும் எனக்குத் தெரியாதா? எங்கயோ நல்லாருந்தா போதும்." குரலில் கலக்கமே இல்லை. பிறகு அது தணிந்தது. "இவருதான் மிஷினு முன்னாலயே குந்திக்கினு கண்ணத் தொடச்சிக்கினு இருக்காரு. கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. நீ ஒரு வார்த்த பேசேன்."

யார் செய்தது என்பதை அன்புச்செல்வி சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தாள். யாருக்காக என்பதில் கோட்டை விட்டிருந்தாள்.

"அவருகிட்ட குடுங்கம்மா" என்றாள்.