கல்லுக்கு அடியில் முளைத்தது

கல் நடக்காது. அப்படியானால் நான்தான் மாற்றி நினைவு வைத்திருக்கிறேனா? பிள்ளையைப் புதைத்த இடத்தை மறந்துபோகிற தாயும் இருப்பாளா?

வளர்மதி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் அமிர்தலிங்கத்திடம் கல்லைப் பற்றி மட்டும் சொன்னாள். அரியலூருக்குக் கிழக்கே அவளுக்கும் அண்ணன் செல்லதுரைக்கும் கூட்டுப் பட்டாவில் ஒரு மானாவாரிக் கொல்லை. அப்பா இருந்தபோதே நடுவில் எல்லைக்கல் நட்டு, மேற்கு அவனுக்கு, கிழக்கு இவளுக்கு என்று வாய்ப்பேச்சாகப் பிரித்துவிட்டார். அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லுக்காக ஒரு சிமெண்ட் கம்பெனி இப்போது குத்தகை கேட்கிறது. பட்டா கூட்டு என்பதால் அண்ணன் பாகத்தைக் கொடுக்கவும் அவள் கையெழுத்து வேண்டும். கல்லுக்கு மேற்கே இருப்பதற்குப் போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, வெங்காயம் பிடுங்க வேப்பந்தட்டையில் இருக்கும் புருஷன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தால் கல் கிழக்கே தள்ளி நிற்கிறது.

"எப்பவும் அங்கதான் இருந்துச்சுன்னு அண்ணன் சொல்லுது. பிள்ளை போனதுலேர்ந்து எனக்குப் புத்தி சரியில்லையாம்."

"எந்தப் பிள்ளைம்மா?"

"தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தேன் சார். பொறந்து மூணு மாசத்துல போயிட்டா. கல்லை ஒட்டி என் பக்கம்தான் வச்சோம். குழி வெட்டினது அண்ணன். இப்ப அவ அண்ணன் பக்கத்துல கிடக்குறா."

யாரோ ஒருத்தியின் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல அவள் குரல் இருந்தது.

அமிர்தலிங்கத்தின் தங்கை மகள் சசிகலா, கோர்ட்டில் ஜூனியர் வக்கீல், துள்ளி எழுந்தாள். "கம்பெனிக்காரன் வேலைதான் மாமா! ஜேசிபி விட்டு நகர்த்தியிருப்பான்."

"நீ மொதல்ல உன் வண்டியில பெட்ரோல் இருக்கான்னு பாரு."

கொல்லையில் மழை விட்டிருந்தது. கம்பெனி ஏஜெண்ட் பழனிவேல் குத்தகைப் பத்திரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சேறு படாத இடமாகத் தேடி நின்றான். செல்லதுரை கடப்பாரையோடு தயாராக இருந்தான்.

"பேத்தே பாத்துடுங்க சார். இருபது வருசத்துக்கு முன்னால அப்பா இதை நட்டப்போ குழியில கரியும் நவதானியமும் போட்டாரு. நானும் இவளும் பக்கத்துல நின்னோம். இல்லன்னு சொல்லட்டும்."

இல்லை என்று சொல்ல முடியவில்லை. அப்பாவின் விரலிடுக்கில் தானியம் உதிர்ந்தது வளர்மதிக்கும் ஞாபகம் இருந்தது.

கல் சாய்ந்தது. குழியில் கரி கிடந்தது. "போச்சு மாமா," என்று சசிகலா முணுமுணுத்தாள். கரிக்கு நடுவே, வெளிச்சம் காணாமல் வெளுத்து, வளைந்து நெளிந்து ஏதோ கிடந்ததை வளர்மதிதான் முதலில் பார்த்தாள். பயறு முளைகள். மனதில் ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

அமிர்தலிங்கம் சாய்ந்த கல்லின் அடிப்பாகத்தை விரலால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது. குழிக்குள் கையை விட்டு எடுத்தார். கரிசல் மண்தான்.

"ஏம்ப்பா பழனிவேல், இந்தக் கொல்லையில வெள்ளை மண்ணு மேலாப்புல எங்க வருது?"

"அந்த மேட்டுல சார்." மேற்கே காட்டினான் ஏஜெண்ட். "சுண்ணாம்புக்கல்லு அங்கதான் ரொம்ப மேல கிடக்கு. அதுக்காகத்தான் கம்பெனியே வருது."

வளர்மதி மேட்டைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். பிள்ளை அங்கேதான் இருந்தாள்.

அமிர்தலிங்கம் கடப்பாரையை வாங்கி மேட்டின் மேற்கோரத்தில் குத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் அது பொதுக்கென்று இறங்கியது. தோண்டினால் வெள்ளை மண், அதில் பொடிந்த பழைய கரி. தானியத்தின் சுவடே இல்லை.

"அப்பா கல்லு நட்டது இங்க. தானியம் எப்பவோ மக்கிடுச்சு, கரி மட்டும் நிக்குது," என்றார் நிதானமாக. "அங்க முளைச்சிருக்கிறது இந்த மழைக்கு முளைச்சது. இருபது வருசத்துக்கு முன்னால போட்ட பயறு இப்பவா முளைக்கும்?"

"அப்ப இது ஏஜெண்ட் வேலையா?" என்றாள் சசிகலா.

"அய்யோ, எனக்கு இந்தச் சாங்கியமே தெரியாதும்மா. நான் சேலம்!"

"அதான் நீ இல்ல. வெளியாளா இருந்தா வெறுங்குழியில நட்டுட்டுப் போயிருப்பான். அப்பா என்ன போட்டாருன்னு தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. ஒருத்தி ஊர்ல இல்ல." அவர் செல்லதுரை பக்கம் திரும்பினார். "திருட்டுத்தனமா நடுற கல்லுக்கு நவதானியம் எதுக்குப்பா?"

செல்லதுரை கையில் ஒட்டியிருந்த சேற்றை வேட்டியில் துடைத்தான்.

"சும்மா எப்படிங்க நடுறது? குடும்பத்துக்கு ஆகாதே."

சசிகலாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுவிட்டது. அவன் தங்கையின் அருகில் வந்தான்.

"மேடு இல்லாட்டி கம்பெனி வேணாங்குது வளரு. மழைக்கு மானத்தைப் பாத்துச் சோளம் போட்டு என்னத்தக் கண்டோம்? உன் பாகத்துப் பணத்தையும் சேத்தே எழுதி வாங்கிக்க. பாப்பாவை நானே எடுத்து, நல்ல இடமாப் பாத்து வைக்கிறேன். வச்சவன் நான்தானே? ஒரு கையெழுத்து போடு ஆயி."

கோபம் வருமென்று நினைத்தாள். அதுவும் வரவில்லை. அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டு குழி வெட்டிய முதுகும் இதே முதுகுதான் என்பது மட்டும் தெரிந்தது.

பழனிவேல் பத்திரத்தை விரித்து, மூடியைக் கழற்றிய பேனாவை நீட்டினான். வளர்மதி பேனாவை வாங்கிக்கொண்டாள். மூடிக்காகக் கை நீட்டினாள். அவன் ஒன்றும் புரியாமல் கொடுத்தான்.

மூடியை அழுத்தி மூடி, பேனாவை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம்ணே," என்றாள். "கல்லைத் தூக்கு. நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."