டண்டிச் சாக்கு

அன்று மாலை அரிசி மண்டியில் இருந்தவர்கள் சீதளநாத நயினார், அவர் மனைவி தர்மவதி, தம்பி மகன் வாசுபூஜ்யன், மூட்டை தூக்கும் கன்னியப்பன். கடைசியில் அரிசி ஏற்ற வண்டியோடு வந்தவர் மடத்து ரத்னம். வேறு ஒருவரும் இல்லை. செஞ்சிக் கடைத்தெருவில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லித் திரிகிறார்கள். வேலையற்றவர்கள்.

1964, புரட்டாசி. முதலில் வந்தது நாற்றம். கிடங்குக்குள்ளிருந்து மீன் எண்ணெய் போல ஒரு கனத்த வாடை. கடலோ நாற்பது மைலுக்கு அப்பால்.

மறுநாள் சமண மடத்தில் பத்து நாள் நோன்பு முடிப்பவர்களுக்கு அன்னம். அதற்கு அரிசி அளிப்பது மூன்று தலைமுறையாகச் சீதளநாதன் குடும்பத்தின் உரிமை. அந்த அரிசியைக் கட்ட மட்டும் நாற்பது சீமைச் சாக்குகள் இருந்தன. ஸ்காட்லாந்தில் டண்டி என்ற ஊரில் நெய்தவை. தாத்தா சென்னைத் துறைமுகத்தில் ஏலம் எடுத்தவை. அறுபது வருஷமாகியும் ஓர் இழை பிரியவில்லை என்று சீதளநாதன் சொல்லாத நாளில்லை.

சணல் மில் வேலை படிக்க அந்த டண்டிக்கே போய்த் திரும்பியிருந்தான் வாசுபூஜ்யன்.

"ஊர் நடுவுல நம்ம செஞ்சிக் கிருஷ்ணகிரி மாதிரி ஒரு மலை, பெரிப்பா. கீழ ஆறு, கடலாட்டம் அகலம்."

"மலை மேல கோட்டை இருக்குதா?"

"இல்ல. ஒரு நினைவுத் தூண்."

"தூணு! இதப் பாக்கக் கப்பலேறிப் போனியா?"

வாசுபூஜ்யன் சிரிக்கவில்லை. "அங்கேர்ந்து வடக்குக் கடலுக்குத் திமிங்கல வேட்டைக்குப் போவாங்களாம். சணல் முரடா இருந்தா நெய்ய வராது. அந்தக் காலத்துல திமிங்கலக் கொழுப்ப உருக்கி ஊத்தித்தான் மெதுவாக்குனாங்க. நம்ம சாக்கும் அப்படித்தான்."

தர்மவதி வாயைப் பொத்திக்கொண்டாள். எறும்பு சாகுமென்று பார்த்து நடக்கும் நோன்பிகள் அறுபது வருஷமாகக் கொழுப்பு தோய்ந்த சாக்கின் அரிசியை உண்டிருக்கிறார்கள். இது வெளியே தெரிந்தால் இந்தக் குடும்பத்தோடு ஒரே பந்தியில் யாரும் உட்காரமாட்டார்கள்.

"வேற கோணிக்கு மாத்திடலாம் பெரிப்பா."

"மாத்துனா ரத்னம் ஏன்னு கேப்பான். வாய மூடு."

கட்டி வைத்த மூட்டைகளைத் தூக்கக் கிடங்குக்குள் போன கன்னியப்பன் வெறுங்கையோடு வந்தான். "நயினாரே, மூட்டை சூடா இருக்குது. மாட்டு முதுவத் தொட்டாப்ல."

"உன் மண்டைதான் சூடா இருக்குது. தூக்குடா."

"நீங்க தொட்டுப் பாருங்க. நான் மாட்டேன்."

கோழைகளால் ஆனது இந்த ஊர் என்று சீதளநாதன் எழுந்தார். பொழுது சாய்ந்துவிட்டது.

"ஏங்க, அரிக்கன் விளக்க எடுத்துட்டுப் போங்க."

"மழைப் பூச்சி மொய்க்குது, விளக்குல விழுந்து சாகும். பொழுது சாஞ்சப்புறம் இந்த வம்சத்துல எவன் தீ ஏத்தியிருக்கான்?"

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றார். பழைய சுண்ணாம்பும் எலிப் புழுக்கையும் புது அரிசியும் கலந்து மணக்கும் கிடங்கு அது. கண்ணை மூடிக்கொண்டே நடந்து பழகிய இடம். இன்றோ அந்த மணங்களையெல்லாம் எண்ணெய் வாடை ஒதுக்கித் தள்ளிவிட்டு, தொண்டைவரை இறங்கி, நாக்கில் உப்பாகப் படிந்தது. மூலையில் ஏதோ மெல்ல இழுத்தது, பிறகு விட்டது. எலி என்று நினைத்தார். எலிக்கு இவ்வளவு நீண்ட மூச்சு இல்லை என்று அறிந்திருந்தும் எலி என்றே நினைத்தார்.

கையை நீட்டினார். சாக்கு ஈரமாக, வழுவழுப்பாக இருந்தது. கன்னியப்பன் சொன்னது சரி என்பதுதான் அவருக்கு முதலில் எரிச்சலூட்டியது. முதல் மூட்டையைத் தடவி இரண்டாவதற்குப் போனார். மூன்றாவதற்கு. நடுவில் சந்து இல்லை. தையல் இல்லை. நாற்பது மூட்டைக்கும் ஒரே தோல்.

அது உயர்ந்தது. மெதுவாக. தாழ்ந்தது.

குளிர்ந்த காற்று அவர் முகத்தில் அடித்தது.

விரல்கள் ஒரு குழியில் இறங்கின. ஈட்டி பாய்ந்த குழி. ஆழம். உள்ளே வெந்நீர்ச் சூடு. மணிக்கட்டுவரை போயிற்று. இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். வந்தது. கையின் தோல் அங்கேயே நின்றுவிட்டது.

அவர் கத்தவில்லை. அது கத்தத் தொடங்கியது. அடித்தொண்டையில், தாழ்வாக, சுவர் அதிர.

வெளியே வண்டி மாட்டின் மணி. ரத்னத்தின் குரல்.

"நயினாரே! மூட்டை ரெடியா? உள்ள இன்னா சத்தம்?"

கதவு நான்கடி தொலைவில். திறந்தால் உயிர். திறந்தால் ரத்னம் பார்ப்பான்.

சீதளநாதன் நான்கடி நடந்தார். தாழ்ப்பாளைப் போட்டார். திரும்பி வந்தார். கையை விரித்து, அதன் மேல் முழு உடம்பையும் சாய்த்து, குளிர்ந்த காற்று வரும் துளையைத் தன் மார்பால் அடைத்தார்.

"சத்தம் போடாத," என்றார்.

சத்தம் நின்றது.

ரத்னத்திடம் இந்த வருஷம் அரிசி இல்லை என்று சொல்லி அனுப்பினாள் தர்மவதி. அந்தத் தாழ்ப்பாள் இன்னும் விழுந்தபடியே இருக்கிறது. வாசுபூஜ்யன் கடப்பாரையோடு மூன்று முறை போனான். கதவில் காதை வைத்துவிட்டு மூன்று முறையும் திரும்பினான். கதவு வெளிப்புறமாக மெல்ல வளைகிறது, பிறகு நிமிர்கிறது.

உள்ளே இரண்டு மூச்சுகள் கேட்பதாக ஊரில் சொல்கிறார்கள். தவறு. ஒரே மூச்சுதான்.