போ என்று அசைந்த கை

பிரெஞ்சு தேசத்தின் தெற்கே, கோர்பியேர் மலைகளுக்கிடையே வளைந்து செல்லும் ஒர்பியூ என்னும் சிறு நதிக்கு, ஐப்பசி மாதத்து மாலைப்பொழுதில் தனியொரு அமைதி வந்துவிடும். பழம் பறித்து முடிந்த திராட்சைத் தோட்டங்கள் இலை சிவந்து, மலைச்சரிவெங்கும் யாரோ குங்குமத்தைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் கிடக்கும். கதிரவன் இறங்கிய திசையில் செம்மை மறையுமுன்பே எதிர்த்திசைப் பாறைகளுக்குமேல் நிலவு ஏறி வந்து, வெண்சுண்ணாம்புக் கற்களையெல்லாம் பாலில் நனைக்கும்.

அந்தக் கற்களின் உச்சியில் பெய்ரமோர் கோட்டை நின்றது. வாசகர்களே, நம் நாட்டுக் கோட்டைகளுக்கு அகழியும் முதலையும் காவல் என்று கேட்டிருப்பீர்கள். இந்தக் கோட்டைக்கு உயரமே காவல். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எவனோ ஒரு சிற்றரசன் கழுகுகளுக்குப் போட்டியாகக் கட்டிய அதில் இப்போது கூரை இல்லை, கொடி இல்லை. மேற்கு மூலைக் கோபுரம் ஒன்றுதான் முழுதாக எஞ்சியிருந்தது.

நதிக்கரையில் இரண்டு குதிரைகள் நின்றன. முன்னதில் இருந்தவன் கில்லெம். காரைக்காலில் பிரெஞ்சுப் படையின் கப்பித்தானாக இருந்தவன். இப்போது பாழடைந்த கோட்டைகளைப் பார்த்துச் சித்திரம் எழுதும் கனவானாக வேடம் பூண்டிருந்தான். பின்னதில் இருந்தவன் அவனுக்குத் தமிழை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி தணிகாசலம்.

"இதுவும் கல்தான்" என்றான் தணிகாசலம். பதினொரு கோட்டைகளைப் பார்த்த அலுப்பு அவன் குரலில் இருந்தது.

"உமது நாட்டுக் கோயில்களைப் பார்த்து நான் அப்படிச் சொன்னேனா?"

"சொன்னீர்கள், துரையே. செருப்பைக் கழற்றச் சொன்ன கோபத்தில் சொன்னீர்கள்."

கில்லெம் சிரிக்கவில்லை. அவன் சிரித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. காரைக்காலிலேயே பிறந்து வளர்ந்த மதலேன் என்னும் பெண்ணை அவன் அங்கேயே மணந்திருந்தான். போர் மூண்டது, ஆங்கிலேயர் அவனைச் சிறைப்பிடித்தார்கள். அவன் மீண்டு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. மதலேனின் சிற்றப்பா, இந்த மலைநாட்டின் பிரபு, கப்பல் அனுப்பி அவளை வரவழைத்துக்கொண்டுவிட்டார். துணைக்குப் போனவள் தணிகாசலத்தின் தங்கை செங்கமலம். அதன்பின் இருவரிடமிருந்தும் ஒரு வரிகூட வரவில்லை. பிரபுவின் மாளிகைக் கதவு கில்லெமுக்குத் திறக்கவும் இல்லை. ஆகவே, ஒருவன் மனைவியையும் மற்றவன் தங்கையையும் தேடி, பிரபுவுக்குச் சொந்தமான ஒவ்வொரு கோட்டையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கில்லெம் திடீரென்று கடிவாளத்தை இழுத்தான். கோபுரத்து உச்சிச் சாளரத்தில் ஒரு பெண்ணின் உருவம் தெரிந்தது. முகம் தெரியாத தூரம். குரல் கேட்காத உயரம். வெளியே நீட்டிய ஒரு கை மட்டும் நிலவில் வெளுப்பாகத் தெரிந்தது. உள்ளங்கை கவிழ்ந்திருக்க, விரல்கள் கீழ்நோக்கி மடிந்து மடிந்து அசைந்தன.

"போ என்கிறாள்" என்றான் கில்லெம். "மதலேனாக இருந்தால், என்னை அடையாளம் கண்டுதான் போ என்கிறாள். இங்கே வேண்டாதவனை விலக்குவது அப்படித்தான்."

தணிகாசலம் சேணத்தில் நிமிர்ந்தான். "துரையே, எங்கள் ஊரில் பிள்ளையைச் சோறு உண்ணக் கூப்பிடுவது அப்படித்தான். அவள் வா என்கிறாள்."

"நான்கு ஆண்டு அங்கே இருந்தேன். நான் அறியேனே."

"துரையைக் கையசைத்துக் கூப்பிட அங்கே எவனுக்குத் துணிச்சல் வரும்?"

குதிரைகள் நீரில் இறங்கின.

கோட்டைவாயிலில் பெய்ரே என்னும் ஒற்றைக்கண் காவலன் நெருப்பில் கஷ்கொட்டை சுட்டுக்கொண்டிருந்தான். பழைய போர்வீரன். வாயில் பாதிப் பல் இல்லை, பேச்சுக்குக் குறைவில்லை.

"படம் எழுதுறவங்களா? போன மாசம்கூட ஒருத்தர் வந்தாரு. இடிஞ்ச சுவரைப் பார்த்து இடியாத சுவரா எழுதிட்டுப் போனாரு. கீழேயிருந்தே எழுதிக்குங்க, சாமி. உள்ளே விட உத்தரவு இல்லை."

"மேலே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டான் கில்லெம்.

"பிரபுவுக்கு உறவாம். சித்தம் கலங்கினவ. அவரோட ஆள் வாரத்துக்கு ரெண்டு தரம் ரொட்டி கொண்டுபோவான். எனக்கு வாசல் காவல் மட்டுந்தான். நாளைக்கு வண்டி வருது, மலைக்கு அந்தப்புறம் ஏதோ மடத்துக்கு அனுப்புறாங்க. எனக்கும் நிம்மதி. அண்ணன் மக போன துக்கத்திலேயே பிரபு ஆடிப்போயிருக்காரு."

"அண்ணன் மகளா?"

"மதலேன் அம்மா. கப்பல்ல வந்தவங்க. போன குளிர்காலத்துல காய்ச்சல் கண்டு போயிட்டாங்க. கீழே தேவாலயத்துல கல் நட்டிருக்கு."

கில்லெம் சுவரில் கைவைத்துக்கொண்டான். தணிகாசலம் அவனைப் பார்க்காமல் நெருப்பைப் பார்த்தான். மதலேன் மண்ணுக்குள் இருக்கிறாள் என்றால், மேலே இருப்பவள் செங்கமலம். அந்த எண்ணம் மனத்தில் எழுந்ததும் ஒரு மகிழ்ச்சி எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அதற்காக அவன் வெட்கப்பட்டான்.

"காவலரே" என்றான் மெல்ல. "அந்தப் பெண் உம்மைப் பார்த்துக் கையசைத்தது உண்டா?"

"தினமும். போ, போன்னு விரட்டும். ஊர்ச் சனம் பேய்னு சொல்லுது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். மனுஷரைப் பிடிக்கலை, அவ்வளவுதான். அது மனசு நோகக்கூடாதுன்னுதான் நான் இந்த வாசலைத் தாண்டி ஓரடி வைக்கறதில்லை."

தணிகாசலம் எதிரே போய் நின்று, உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை அசைத்துக் காட்டினான். "இப்படியா?"

"அச்சு அசல்."

"நான் பிறந்த ஊரில் இதற்கு வா என்று பொருள். அவளும் அங்கே வளர்ந்தவள்தான்."

கஷ்கொட்டைகள் கருகி வெடித்தன. பெய்ரே அவற்றை எடுக்கவில்லை.

"பத்து மாசமா" என்றான் கடைசியில். "பத்து மாசமா அந்தப் பொண்ணு என்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கா. நானும் மரியாதையா முதுகைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கேன்." இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி நீட்டினான். "யாரையும் உள்ளே விடாதேன்னாங்க. நான் விடலை. நீங்களா எடுத்துக்கிட்டீங்க."

படிகள் பாதி இடிந்திருந்தன. தணிகாசலம் முன்னே ஏறினான். பின்னால் கில்லெமின் காலடி தளர்ந்து கேட்டது. நம்பிக்கை இழந்தவன் எதற்காக ஏறுகிறான் என்று ஒரு கணம் தணிகாசலத்துக்குத் தோன்றியது. மனைவியின் கடைசி நாட்களைச் சொல்ல ஒருத்தியாவது இருக்கிறாளே என்று ஏறுகிறான் போலும்.

கதவின் வெளித்தாழை நீக்கினான். சாளரத்தருகே ஓர் உருவம் முதுகு காட்டி நின்றது. அது போர்த்தியிருந்த அரக்குநிறக் கண்டாங்கிச் சேலையைத் தணிகாசலம் அறிவான். நாகூர்க் கடைத்தெருவில் அவனே வாங்கித் தந்தது.

"கமலம்" என்றான்.

உருவம் திரும்பியது. சேலைக்குள் இருந்தது செம்பட்டைக் கூந்தலும் மெலிந்த வெண்முகமும்.

"அண்ணே" என்றாள் மதலேன், காரைக்கால் தமிழில். "நான்தான் அண்ணே. அவ இல்லை."

அவன் விலகி வழிவிட்டான். கில்லெம் உள்ளே வந்தான். கணவனும் மனைவியும் சந்தித்ததை வர்ணிக்க நமக்கு ஆசைதான். ஆனால் நாம் தணிகாசலத்தின் பக்கம் நிற்கிறோம். அவன் சாளரத்துக்கு வெளியே நதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிறிது நேரம் கழித்து அவள் அவனருகே வந்து நின்றாள்.

"மார்கழியில் போயிட்டா. எனக்கு வந்த காய்ச்சல்தான். என்னைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒட்டிக்கிச்சு. சிற்றப்பா பெட்டியை ஆணி அடிச்சு மூடி, இறந்தது நான்னு ஊருக்குச் சொல்லிட்டாரு. அப்பா வழியில எனக்கு வந்த நிலமெல்லாம் அவருக்குப் போச்சு. என்னைக் கொல்ல அவருக்கு மனசு வரலை, விடவும் மனசு வரலை."

"அந்தக் கல்லில்?"

"என் பேர்தான் வெட்டியிருக்கு."

"கடைசியில் ஏதாவது சொன்னாளா?"

"குளிர்து, குளிர்துன்னா. இந்தச் சேலையை நான் போர்த்திவிட்டேன். உனக்கு வேணுமேன்னு திருப்பிக் கொடுத்தா."

தணிகாசலம் தலையை மட்டும் அசைத்தான். அழவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது, அழுகை வரவில்லை.

மதலேன் கணவனையும் அவனையும் ஒருமுறை பார்த்துவிட்டு, இருவருக்கும் புரியும்படி பிரெஞ்சு மொழியில், தெளிவான குரலில் சொன்னாள்: "எனக்காக அவள் தன் உயிரைக் கொடுத்தாள். பெயரையும் இழந்தாள். அந்தக் கல்லில் செங்கமலம் என்று வெட்டப்படும்வரை மதலேன் என்னும் பெயருக்கு நான் திரும்பமாட்டேன். அதுவரை நான் செங்கமலம். இது என் ஆணை."

கில்லெம் இடுப்பு வாளின் பிடியில் கைவைத்தான். "அந்தக் கல்லை நீதிபதியின் முன்னால் பெயர்த்து எடுப்பது என் ஆணை."

வாயிலில் பெய்ரே எழுந்து நின்றான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"நாளைக்குப் பிரபு கேப்பாரு, யாரை விட்டேன்னு. நான் பொய் சொல்லிப் பழகலை. பேரைச் சொல்லிட்டுப் போங்கம்மா."

"செங்கமலம்."

"அப்படியே சொல்லும், காவலரே" என்றான் தணிகாசலம். "பிரபுவால் உம்மை ஒன்றும் செய்ய முடியாது. தப்பிப் போனவள் மதலேன் என்று அவர் சொன்னால், கல்லுக்குக் கீழே இருப்பது யார் என்று ஊர் கேட்கும்."

காவலன் ஒற்றைக் கண்ணைச் சுருக்கி அதை யோசித்துப் பார்த்தான். பிறகு பல்லில்லாத வாயால் ஓசையின்றிச் சிரித்தான்.

மூவரும் நதிக்கு இறங்கினார்கள். குதிரையில் மனைவியை ஏற்றிவிட்ட கில்லெம் அவளைப் பெயர் சொல்லி அழைக்க முயன்றான். "சாங்... சாங்கமலான்..."

"அப்படி இல்லை, துரையே. செங்கமலம்."

"சென்கமலம்."

"'ங்' அழுந்தவேண்டும். செங்கமலம்."

கில்லெமின் நாக்குக்கு அது வசப்படவில்லை. ஆற்றைக் கடந்து, திராட்சைத் தோட்டங்களைக் கடந்து, நார்போன் நகரத்துச் சாலை தொடங்கும் இடம்வரைக்கும் தணிகாசலம் பொறுமையாக அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தான்.